ஊருக்குப் புது அங்கன்வாடி: வானம் தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

உங்கள் ஊர் அங்கன்வாடி ஒரு வாடகை வீட்டிலோ, மழைக்கு ஒழுகும் பழைய கட்டடத்திலோ, சமுதாயக் கூடத்தின் மூலையிலோ நடந்துகொண்டிருக்கலாம். புதுக் கட்டடம் வேண்டும் என்ற பேச்சு இப்போதுதான் எழுந்திருக்கலாம். வார்டு உறுப்பினர், புதிதாக வந்த ஊராட்சிச் செயலர், சுயஉதவிக் குழுத் தலைவி, மையத்துக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மா, அப்பா என்று இந்த வேலையில் முதன்முறையாக இறங்குகிற எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளை மனதில் வைத்தே சொல்கிறேன். பேரூராட்சி, நகராட்சிகளில் அலுவலகமும் அதிகாரியின் பதவிப் பெயரும் மாறும். செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய இதேதான்.

கட்டடம் என்றதும் எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். ஊர் ஊராகப் பார்த்த வரையில், ஒரு மையம் நன்றாக அமைவதும் கெடுவதும் இடத்தைப் பொறுத்தே இருக்கிறது. யாருக்கும் வேண்டாத துண்டு நிலத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாக்கடை வந்து தேங்கும் பள்ளம், சுடுகாட்டுப் பாதையோரம், குப்பை கொட்டிய மேடு, டிரான்ஸ்பார்மருக்கு அடி என்று எத்தனையோ பார்த்தாயிற்று. 5 வயதுப் பிள்ளைக்கு ஓட்டு கிடையாது, அதனால் எதிர்த்துக் கேட்கவும் ஆள் இல்லை. அந்த ஆளாக நீங்கள் நிற்க வேண்டும்.

எந்த அலுவலகம் எதற்கு

அங்கன்வாடியை நடத்துவது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பணியாளர், உதவியாளர், உணவுப் பொருள், எடைக் கருவி எல்லாம் இந்தத் துறையின் பொறுப்பு. உங்கள் வட்டாரத்தில் இதன் தலைமை குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். எல்லோரும் சிடிபிஓ என்றே சொல்வார்கள்.

கிராமத்தில் கட்டடத்தைப் பெரும்பாலும் கட்டுவது ஊரக வளர்ச்சித் துறை. அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒன்றியத்தின் உதவிப் பொறியாளரும். நிலம் வருவாய்த் துறையிடம்: கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், தாசில்தார். ஆக மூன்று துறை. ஒன்றில் மனு கொடுத்துவிட்டு மற்ற இரண்டுக்கும் தகவல் தானாகப் போய்விடும் என்று காத்திருந்தால் வருடம் ஓடிவிடும். ஒரே மனுவை மூன்று பிரதி எடுத்து மூன்று அலுவலகத்திலும் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள ரசீதை வாங்கி வையுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு பிரதியைக் கொடுக்கலாம்.

மனுவோடு கணக்கும் வேண்டும். ஊரில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் எத்தனை பேர் என்பது பணியாளரின் பதிவேட்டில் இருக்கும். கிராமப்புறத்தில் 400 முதல் 800 பேர் வரை உள்ள பகுதிக்கு ஒரு மையம் என்பது திட்டத்தின் பொதுவான அளவுகோல். மையமே இல்லாத குடியிருப்பு என்றால் உங்கள் கையில் இன்னும் வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஓர் உத்தரவு போட்டது. 6 வயதுக்கு உட்பட்ட 40 பிள்ளைகளாவது இருந்து, மையம் இல்லாத பகுதி மக்கள் கேட்டால் 3 மாதத்துக்குள் மையம் கொடுக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. பட்டியலின, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரவும் சொன்னது. மனுவில் தேதியோடு இதைக் குறிப்பிடுங்கள்.

அப்புறம் கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் 6 கூட்டம் நடக்கிறது. தீர்மானத்தில் "அங்கன்வாடி கட்டடம் கட்ட வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பிறகு இடத் தகராறு வரும். சர்வே எண், உட்பிரிவு, எவ்வளவு சென்ட் என்று எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன்னாலேயே இடத்தை முடிவு செய்தால்தான் அது முடியும்.

இடம் பார்ப்பது

இதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். காலையில் ஒரு தடவை, நல்ல வெயில் நேரத்தில் ஒரு தடவை, பெரிய மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மழைக்கு மறுநாள் போகாமல் இடத்தை முடிவு செய்யவே கூடாது. தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே வடிகிறது, எத்தனை மணி நேரம் தேங்குகிறது என்பதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

கூடவே அங்கன்வாடிப் பணியாளரையும் இரண்டு மூன்று அம்மாக்களையும் அழைத்துப் போங்கள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் 3 வயதுப் பிள்ளை என்று தினமும் அந்த வழியில் நடக்கப் போவது அவர்கள்தான். நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமா, வழியில் மூடாத கிணறு இருக்கிறதா, மதுக்கடை இருக்கிறதா, ரயில் பாதை குறுக்கிடுகிறதா என்பதை அலுவலக வரைபடம் சொல்லாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பல ஊர்களில் ஊர்த்தெருவுக்கு நடுவில் மையம் இருந்தால் காலனிப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். காலனிக்குள் இருந்தால் ஊர்த்தெருக்காரர்கள் பிள்ளையை அனுப்புவதில்லை. இந்தக் கேள்வியை யாரும் கூட்டத்தில் எழுப்ப மாட்டார்கள். நீங்கள் எழுப்புங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் வரக்கூடிய பொது இடம், உதாரணமாகத் தொடக்கப் பள்ளி வளாகம், கிடைத்தால் அதையே முதலில் பாருங்கள். பள்ளி வளாகத்தில் சுற்றுச்சுவரும் தண்ணீர் இணைப்பும் ஏற்கெனவே இருக்கும். அண்ணன், அக்காவோடு பிள்ளை சேர்ந்து வந்துவிடும். 5 வயதில் அங்கிருந்து முதல் வகுப்புக்குப் போவதும் எளிது. எல்லாரும் வரும் இடம் கிடைக்கவே இல்லை, யாருக்காவது ஒரு தரப்புக்குத் தூரமாகத்தான் அமையும் என்றால், இதுவரை எதுவும் கிடைக்காத தெருவுக்குப் பக்கத்தில் அமையட்டும். என் கருத்து இதில் மாறாது.

மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கம்பியை மாற்றலாம், ஆனால் மின்வாரியத்தில் மனு கொடுத்து, மதிப்பீடு வாங்கி, பணம் கட்டி, ஆள் வந்து மாற்றும் வரை எல்லாம் நிற்கும். நல்ல வேம்போ புங்கமோ நின்றால் அதை விட்டுவிட்டுக் கட்டடத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். புறம்போக்கு மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். ஏப்ரல், மே வெயிலில் அந்த நிழலுக்கு ஈடாக எதையும் வாங்க முடியாது என்பது இன்னொரு பக்கம்.

நிலத்தின் காகிதம்

இடம் பிடித்திருக்கிறது என்றால் உடனே அதன் வகைப்பாட்டைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டின் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) நகலும், எல்லையைக் காட்டும் புல வரைபடமும் கேளுங்கள். அரசின் நிலப் பதிவு இணையதளத்திலும் இவற்றை எடுக்கலாம். நத்தம் புறம்போக்கு, அரசு தரிசு என்றால் வழி உண்டு. ஏரி, குளம், குட்டை, ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். தண்ணீரே வருவதில்லை, 30 வருடமாக வறண்டு கிடக்கிறது என்ற வாதம் செல்லாது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவு போட்டிருக்கிறது. அரசுக் கட்டடம் என்பதால் விலக்குக் கிடைக்காது. தவிர, குளத்தில் கட்டினால் ஒருநாள் குளம் நிறையும். மேய்க்கால், வண்டிப்பாதை என்று இருந்தாலும் வகை மாற்றம் நீண்ட வேலை; வேறு இடம் தேடுவது நல்லது.

யாராவது பெரிய மனதோடு நிலம் தருகிறேன் என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் வாய்வார்த்தையில் வேலை தொடங்கக் கூடாது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, வாரிசுகள் எல்லோரும் சம்மதித்து, ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகி, பட்டாவும் மாறிய பிறகே அது மையத்தின் நிலம். கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் வந்து பூட்டுப் போட்ட கட்டடங்கள் உண்டு.

கடைசியாக சர்வேயரை அழைத்து நான்கு எல்லையிலும் கல் நடுங்கள். அளக்கும் அன்று பக்கத்து நிலக்காரர்கள் எல்லோரும் உடன் இருக்கட்டும்.

பணம்

2022-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலில், ஊரக வேலை உறுதித் திட்டத்தோடு இணைத்துக் கட்டும் ஒரு மையத்துக்கு 12 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். அதில் 8 லட்சம் 100 நாள் வேலைத் திட்டத்திலிருந்து, 2 லட்சம் நிதிக்குழு மானியத்திலிருந்து, 2 லட்சம் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திடமிருந்து. அந்த வேலைத்திட்டச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்திருப்பதால், இந்த ஆண்டு எந்தக் கணக்கில் எவ்வளவு என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டே முடிவு செய்யுங்கள். எம்எல்ஏ, எம்பி தொகுதி நிதியிலும் கட்டுகிறார்கள். ஊர்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போட முடிந்தால் நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது; வெளியூரில், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அதிகமுள்ள ஊர்களுக்கு அது தோதானது.

மதிப்பீடு தயாராகும்போது எவையெல்லாம் விட்டுப்போகும் என்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: சுற்றுச்சுவர், தண்ணீர் இணைப்பு, மின் இணைப்புக் கட்டணம், கழிவுநீர்த் தொட்டி, மழைநீர் சேகரிப்பு, வாசலுக்கு வரும் பாதை. கட்டடம் எழுந்து திறப்பு விழாவும் முடிந்து, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். உதவிப் பொறியாளர் மதிப்பீடு எழுதும்போதே இந்த ஆறும் அதற்குள் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த நிதியில் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு என்று கோப்பு நகரும். ஒவ்வொன்றின் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும். எங்கே நிற்கிறது என்று கேட்பதற்கு அந்த எண்தான் உதவும்.

மண்

இதைப் பலரும் சட்டென்று கடந்துவிடுகிறார்கள். இடத்தில் இரண்டு மூன்று மூலைகளில் 5, 6 அடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். செம்மண்ணோ சரளையோ வந்தால் கவலையில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் போலக் கரிசல் என்றால் கதை வேறு. மழையில் ஊதி, வெயிலில் வெடித்துச் சுருங்கும் மண் அது. சாதாரண அஸ்திவாரம் போட்டால் இரண்டே வருடத்தில் சுவரில் கோணல் கோணலாக வெடிப்பு வரும். அடியில் குமிழ் வைத்த தூண் அஸ்திவாரம், அதாவது அண்டர்-ரீம்டு பைல், தேவையா என்று பொறியாளரிடம் கேளுங்கள். அதற்குச் செலவு கூடும் என்பதால் மதிப்பீட்டுக்கு முன்பே கேட்க வேண்டும். குப்பை கொட்டி மேடாக்கிய இடம் என்றால், எத்தனை அடி ஆழமானாலும் பழைய தரை வரும் வரை தோண்டியே ஆக வேண்டும்.

டெல்டாவிலும் கடலோரத்திலும் பேஸ்மட்டத்தின் உயரமே முக்கியம். ஊரில் ஞாபகத்தில் உள்ள பெரிய வெள்ளத்துக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கேட்டு, அதற்கு மேல் இருக்கும்படி போடச் சொல்லுங்கள். சாலை ஒவ்வொரு தடவை போடும்போதும் உயர்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைப் பிள்ளையின் உயரத்திலிருந்து படியுங்கள்

துறையிடம் பொது மாதிரி வரைபடம் இருக்கும். குறைந்தது 600 சதுர அடி. பிள்ளைகள் உட்கார ஒரு கூடம், தனிச் சமையலறை, பொருள் வைப்பறை, சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற கழிப்பறை, விளையாட இடம், குடிநீர் என்பது திட்டத்தின் அடிப்படைத் தேவை. வரைபடத்தையே மாற்றச் சொன்னால் கோப்பு மறுபடி மேலே போகும். ஆனால் வாசல் பார்க்கும் திசை, ஜன்னல் உயரம், குழாய் உயரம், சுவிட்சு இடம் போன்றவற்றை உள்ளூரிலேயே சரிசெய்யலாம்.

சமையலறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு நம் ஊரில் பிள்ளைகளுக்குக் கட்டடம் கட்டும் யாரும் நான்கு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே முழுச்சுவர் வேண்டும். கேஸ் சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே, பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். கூடத்துக்கு இரண்டு வாசல், இரண்டும் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். வெயிலுக்கு என்று சொல்லிப் பிற்பாடு யாரும் ஓலைக் கொட்டகையைச் சேர்த்துக் கட்டக் கூடாது. நிழலுக்கான தாழ்வாரத்தை இப்போதே வரைபடத்தில் கேளுங்கள்.

கழிவுநீர்த் தொட்டி இன்னொன்று. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியில் துருப்பிடித்த தகர மூடி உடைந்து, தொட்டிக்குள் விழுந்த சின்னப் பெண் பிள்ளை இறந்துபோனாள். தகர மூடி வேண்டாம். கான்கிரீட் மூடி, பெரியவர் இருவர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற எடையில் இருக்கட்டும். தொட்டி விளையாடும் பக்கம் வரவே கூடாது. உறிஞ்சுகுழிக்கும் கிணறு, ஆழ்துளைக் கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்துக்கும் இடையே 18 மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஜன்னல் அடிக்கட்டை உட்கார்ந்த பிள்ளை வெளியே பார்க்கும் உயரத்தில் இருந்து, கம்பி செங்குத்தாக இருந்தால் ஏற முடியாது. பிளக் பாயிண்ட் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், கைகழுவும் குழாய் எட்டும் உயரத்தில். வாசலில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்ற கணக்கில் சாய்தளம். மேற்கு வெயில் விழும் பக்கம் வைப்பறையும் கழிப்பறையும் வந்தால் கூடம் சூடேறாது. எடை பார்க்கும் நாளில் தாய்மார் ஒதுங்கிப் பால் கொடுக்க ஒரு மறைவான மூலை. சுவருக்கும் ஜன்னலுக்கும் அடிக்கும் பெயிண்ட் ஈயம் இல்லாததா என்று டப்பாவைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வீட்டு, அலங்காரப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் போகக்கூடாது என்பது 2017 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதி. சின்னப் பிள்ளைகள் சுவரை நக்குவார்கள், சுரண்டிய விரலை வாயில் வைப்பார்கள்.

பழைய கட்டடமும் இடைக்கால ஏற்பாடும்

அதே இடத்தில் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதாக இருந்தால், பழுதுச் சான்று வந்த அன்றே பிள்ளைகளை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அனுமதி வரட்டும், ஏலம் நடக்கட்டும் என்று அதற்குள்ளேயே உட்கார வைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள்.

கட்டி முடிய எத்தனை மாதம் ஆகும் என்று ஒப்பந்ததாரர் சொல்வதை விடச் சில மாதம் கூட்டியே இடைக்கால இடத்தைப் பிடியுங்கள். பல வீடுகளில் பிள்ளையின் ஒருநாள் சாப்பாட்டில் உருப்படியானது மையத்தில் கிடைக்கும் கலவை சாதமும் முட்டையும்தான். அதனால் இடைக்கால இடத்தில் சமைக்க வசதி உண்டா, அரிசி, பருப்பு, சத்துமாவு மூட்டைகளை எலி, ஈரம் படாமல் வைக்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள். பிறகு கழிப்பறை, நடக்கும் தூரம். இடம் மாறும் தேதியை அங்கன்வாடி மேற்பார்வையாளருக்கு எழுத்தில் கொடுத்தால்தான் பொருள் வரும் வண்டி சரியான வாசலுக்கு வரும்.

காலமும் தண்ணீரும்

பொங்கல் முடிந்ததும் வானம் தோண்ட முடிந்தால் நல்லது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் கூரை கான்கிரீட் முடிந்துவிடும். ஆனால் அந்தக் காலம் கோடையில் போய் முட்டும், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். இப்போது மூட்டையில் வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும், வெயிலில் இன்னும் சில நாள் கூட. உப்புத்தண்ணீர் கம்பியை அரித்துவிடும். நல்ல தண்ணீர் எங்கிருந்து, யார் செலவில் வரும் என்பதை மேஸ்திரி வருவதற்கு முன்பே பேசி முடியுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டிக்குப் பலகை மூடி, இடத்தைச் சுற்றி முள்வேலியோ தகர வேலியோ இரண்டும் முதல் நாளே வர வேண்டும். தெருப் பிள்ளைகளுக்கு மணல் குவியலைப் பார்த்தால் கால் நிற்காது.

மார்க்கிங் நாள்

பணி உத்தரவு வந்து, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போடும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள். எல்லைக் கல்லிலிருந்து கோடு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று டேப் பிடித்துப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளரைக் கோட்டுக்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்: அடுப்பு எங்கே, கூடத்தில் உட்கார்ந்தால் கழிப்பறை வாசல் கண்ணுக்குத் தெரிகிறதா, கேட் எந்தப் பக்கம் திறக்கிறது. வாசலைத் திருப்ப வேண்டும் என்றால் அன்று அரை மணி நேர வேலை. பேஸ்மட்டம் எழும்பிய பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

திட்டத்தின் பெயர், தொகை, தொடங்கும் நாள், முடிக்க வேண்டிய நாள் எழுதிய பலகை அன்றே நடப்பட்டதா என்று பாருங்கள். வரைபடம், மதிப்பீடு, பணி உத்தரவு மூன்றின் நகலையும் உதவிப் பொறியாளரிடமிருந்து வாங்கி, ஒரு செட்டைப் பணியாளரிடமும் இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் வையுங்கள். கோடு போட்ட தரையைப் போட்டோ எடுத்து அந்தக் கோப்பில் சேர்த்துவிட்டால் மறுநாள் காலை ஆட்கள் வானம் தோண்ட வரலாம்.